கரை காப்புக் கமிட்டி

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று கரை காப்புக் கமிட்டி அமைந்தது. தேவாலயத்தில் இரண்டாம் பூசை முடிந்து நேரே சுடலைமாடன் கோயிலுக்குப் போனேன். கோயில் முற்றத்தில் பள்ளிவாசல் பாய்களை விரித்திருந்தார்கள்.

எங்கள் ஊரில் ஆற்றின் தென்கரையில் மூன்று இடங்கள் வரிசையாக இருக்கின்றன. மேற்கே எங்கள் கல்லறைத் தோட்டம். நடுவில் முஸ்லிம்களின் மையவாடி. கிழக்கே சுடலைமாடன் கோயிலும் அதை ஒட்டிய இடுகாடும். நூறு வருடமாக அடுத்தடுத்துப் புதைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் மூன்று தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து பேசியது இன்றுதான். போன வருட மழையில் மையவாடியின் ஓரம் சரிந்து ஒரு கபர்க்குழி வெளியே தெரிந்ததும்தான் எல்லோருக்கும் பயம் வந்தது. ஆற்றுக்குள் மணல் அள்ளிய குழிகள் இருபதடி ஆழம் கிடக்கின்றன. தண்ணீர் அந்தக் குழிகளில் சுழன்று கரையை அடியிலிருந்து தின்கிறது.

ஜமாஅத் சார்பில் சிந்தா மதார். மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கோயில் சார்பில் உச்சிமாகாளி. நூறு நாள் வேலைப் பெண்களைக் கூட்டி வேலை வாங்குகிறவள். கோயில் அவள் புருஷன் குடும்பத்துடையது. அவனும் அந்த இடுகாட்டில்தான் இருக்கிறான். எங்கள் சார்பில் நான், கல்லறைத் தோட்டக் கமிட்டியின் செயலாளர் என்பதால்.

"செத்த பெறகாவது நிம்மதியாக் கெடக்கட்டும்னு பாத்தா, அங்கயும் லாரிய விட்டு எழுப்புதானுவ" என்றாள் உச்சிமாகாளி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கரை நெடுக வெட்டிவேர், அதற்கு மேலே மூங்கில், நீர்மருது. மணல் லாரிகளை நிறுத்தச் சொல்லிக் கோட்டாட்சியருக்கு மனு. இவை தீர்மானங்கள். தபால் ஆபீசில் முப்பத்தாறு வருடம் எழுதிய கை என்று இந்தக் கமிட்டிக்கும் என்னையே செயலாளராகப் போட்டார்கள். மினிட் புத்தகத்தில் தீர்மானங்கள் மட்டும் போகும். மற்றதை இதில் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 11, புதன்

முழங்கால் வலி. வீட்டு மோட்டார் ஓடவில்லை. மதார் வந்து ஒரு மணி நேரம் குனிந்து கிடந்து சரி செய்து கொடுத்தார். என் மனைவி மரியசெல்வம் காப்பி கொடுத்தாள். "அண்ணாச்சி, தொம்மை அண்ணாச்சின்னு ஊர்ல கேட்டாலே போஸ்ட் ஆபீஸ்தான் ஞாபகம் வருது. எங்க வாப்பா துபாய்லேந்து போட்ட லெட்டர நீங்கதான் எங்க உம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுவிய" என்றார். எனக்கு நினைவில்லை. நிறையப் பேருக்கு வாசித்திருக்கிறேன்.

செப்டம்பர் 14, சனி

முதல் நாள் நடவு. வேளாண் பண்ணையிலிருந்து வெட்டிவேர் வந்திறங்கியது. நாற்பது பேர் வருவார்கள் என்று நினைத்தோம், தொண்ணூறு பேர் வந்தார்கள். எங்கள் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகள் சாக்கில் மண் நிரப்பினார்கள். உச்சிமாகாளியின் பெண்கள் சரிவில் வரிசை பிடித்து நட்டுக்கொண்டே போனதைப் பார்க்க வயலில் நாற்று நடுவது போலவே இருந்தது.

சனிக்கிழமை என்பதால் மரியசெல்வம் ஆக்னஸின் கல்லறைக்கு வந்திருந்தாள். எங்கள் மகள் டெங்குக் காய்ச்சலில் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. மரியசெல்வம் ஒரு சனிகூடத் தவறியதில்லை. வாளியில் தண்ணீர் கொண்டு வந்து கல்லைக் கழுவித் துடைத்து மெழுகுவர்த்தி ஏற்றுவாள். உச்சிமாகாளி கையைக் கழுவிவிட்டு அங்கே போய் நின்றாள்.

"நல்ல கல்லுக்கா. மொகம் தெரியுது. எங்க எடுத்தியோ?"

"எனக்கு என்ன தெரியும்? அவியதான் ஏற்பாடு பண்ணுனாவ. நாலு வருசமாச்சு."

நான் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

கூட்டம். மதார் ஆற்றின் வரைபடம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். லாரிகள் ஆற்றுக்குள் இறங்க ஒரே ஒரு பாதைதான் இருக்கிறது, அது எங்கள் கல்லறைத் தோட்டத்தின் மேற்கு ஓரமாகப் போகிறது என்று விரலை வைத்துக் காட்டினார். மணல் அள்ளும் கான்ட்ராக்டரைக் கேட்டால் அந்தப் பாதையை நாங்கள் பயன்படுத்துவதே இல்லை, பக்கத்துப் பட்டா நிலத்தில் சவுடு மண்தான் எடுக்கிறோம் என்கிறானாம்.

"யாராவது கையெழுத்துப் போட்டுக் குடுக்காம அவன் எறங்கியிருக்க முடியாது அண்ணாச்சி. அந்தத் தாள் கெடச்சிட்டா போதும். அனுமதி என்னைக்கோ முடிஞ்சிருக்கும். கோட்டாட்சியர் ஒரே நாள்ல லாரிய நிறுத்திருவாரு."

"எப்படிக் கிடைக்கும்?" என்றேன்.

"தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேக்கேன். முப்பது நாள்ல குடுத்துத்தான் ஆகணும்."

பாதை அனுமதி குறித்த விவரம் உறுப்பினர் யாருக்கும் தெரியவில்லை என்று மினிட் புத்தகத்தில் எழுதினேன். மூவரும் கையெழுத்துப் போட்டோம்.

செப்டம்பர் 23, திங்கள்

மதார் மனுவைக் கொண்டு வந்து காட்டினார். மூன்று எழுத்துப் பிழை. திருத்திக் கொடுத்தேன். விலாசத்தில் பின்கோடு விட்டிருந்தார், அதையும் எழுதிக் கொடுத்தேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

இன்று போல் ஒரு நாளை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. பூசையில் பங்குச்சாமி, இன்று பிரசங்கம் கரையில்தான் என்று சொல்லி முடித்துவிட்டார். பூசைக்கு வந்த கூட்டமே எழுந்து ஆற்றுக்குப் போனது. பள்ளிவாசலிலிருந்து தேநீர் வந்தது. சுடலைமாடன் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். பள்ளிவாசல் ஆலிம்சா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கில் குழி தோண்டினார்.

மதாரின் தாயார் சைனம்பு உம்மாவை ஆட்டோவில் வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். எண்பதைத் தாண்டிய வயது. ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டிவேர்த் தூர்களைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"போஸ்டாபீஸ் தம்பி, எங்க வூட்டுக்காரவ அந்தா அந்த ஓரத்துல இருக்காவ. பக்கத்துல எனக்கு எடம் போட்டு வச்சிருக்கு. நான் வரும்போது அது இருக்குமா, ஆத்துல போயிருமா?"

"இருக்கும் உம்மா. அதுக்குத்தான இவ்வளவு பேரு நிக்கோம்."

"நீங்க சொன்னாச் சரி" என்றார்.

மத்தியானம் ஒரு மணிக்குக் கரை முழுவதும் பச்சையாக இருந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் பார்த்தேன். தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 9, புதன்

தேங்காய் பறிக்க ஆள் வந்தான். இருபத்தாறு காய். பாதிக்கு மேல் எலி கடித்தது.

அக்டோபர் 20, ஞாயிறு

விடிகாலை சைனம்பு உம்மா இறந்துபோனார். தூக்கத்திலேயே. போய் இருந்தேன். சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள்.

இடம் குறித்துப் பேச்சு வந்தது. ஓரத்தில் வேண்டாம், உள்ளே தள்ளி வைக்கலாம் என்று ஜமாஅத்தில் இரண்டு பேர் சொன்னார்கள். மதார் என்னை வெளியே அழைத்துக்கொண்டு போனார். கண் சிவந்திருந்தது.

"அண்ணாச்சி, உம்மா வாப்பா பக்கத்துலதான் வைக்கணும்னு சொல்லிச்சு. அடுத்த மாசம் லாரிய நிறுத்திட்டா அந்த ஓரம் நிக்கும்லா? நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா வைக்கேன்."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, நிற்கும் என்றேன்.

ஓரத்திலேயே அடக்கம் செய்தார்கள். நானும் மூன்று பிடி மண் போட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

காலை பதினொரு மணிக்குத் தபால்காரர் பிரமநாயகம் வந்தார். என்னிடம் வேலை பழகியவர். மதாருக்கு ஒரு பதிவுத் தபால் இருந்தது. கடை பூட்டியிருக்கிறது, வீட்டில் மூன்றாம் நாள் ஓதுகிறார்கள், கூட்டமாக இருக்கிறது என்றார்.

"நீங்க அங்க போவியள்லா அண்ணாச்சி? கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுங்க. உங்ககிட்டக் குடுத்தா அவருகிட்டக் குடுத்த மாதிரிதான்."

கனிமவள அலுவலகத்திலிருந்து வந்த உறை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் மதார் வீட்டுக்குப் போனேன். நெய்ச்சோறு போட்டார்கள். ஆள் கூட்டம். கொடுக்க வசதிப்படவில்லை.

அக்டோபர் 25, வெள்ளி

மதார் கடை திறந்துவிட்டார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. முழங்கால் வலி.

அக்டோபர் 31, வியாழன்

மதார் வந்தார். "முப்பது நாளு தாண்டிட்டு அண்ணாச்சி. பதிலே காணும். அழுத்திட்டாங்களோ?" என்றார். அலுவலகங்களில் தாமதம் ஆவது உண்டு என்றேன். அப்படி ஆவது உண்டுதான்.

உறை பீரோவில் கம்பளிகளுக்கு அடியில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். தோட்டம் நிறைய மெழுகுவர்த்தியும் செவ்வந்தியும். சாமி ஒவ்வொரு கல்லறைக்கும் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வந்தார். இந்த வருடம் எங்கள் கூட்டம் மையவாடிச் சுவரருகிலும் போய் நின்று ஜெபம் சொன்னது. மதாரும் இரண்டு மூன்று பேரும் அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். உச்சிமாகாளி தன் புருஷன் மேட்டில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். "எங்களுக்கு இது வழக்கமில்ல. ஆனா அம்புட்டு வெளிச்சத்துல இவரு மட்டும் ஏன் இருட்டுல கெடக்கணும்" என்றாள்.

ஆக்னஸின் கல்லில் என் முகம் தெரிந்தது. மரியசெல்வம் கல்லில் உதடு வைத்து முத்தி செய்யச் சொன்னாள். செய்தேன்.

நான்கு வருடத்துக்கு முன்பு என்ன நடந்தது என்பதை இதில் எழுத வேண்டும் என்று இன்று தோன்றியது. கல்லறைத் தோட்டத்துக்கு அப்போது சுற்றுச்சுவர் கிடையாது. மாடு, நாய், எல்லாம் வரும். மழைக்கு ஆக்னஸின் மேடு கரைந்து கரைந்து, அவள் படுத்திருக்கும் இடம் எது என்று மரியசெல்வம் தடவித் தேடிய நாளும் உண்டு. அந்தச் சமயத்தில் ஒருவர் சுற்றுச்சுவர் கட்டித் தருவதாகச் சொன்னார். சுவர் தோட்டத்துக்குத்தான். அஸ்திவாரம் ஆழமாகப் போட்டார்கள். கல் நான் கேட்டு வைத்ததல்ல.

நவம்பர் 11, திங்கள்

கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை. மூவரும் பஸ்ஸில் போனோம். உச்சிமாகாளி கட்டுச்சோறு கொண்டு வந்திருந்தாள். வராந்தாவில் இரண்டு மணி நேரம். கான்ட்ராக்டர் வக்கீலோடு வந்தான். என்னைப் பார்த்து வணக்கம் வைத்தான். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

மதார் நன்றாகப் பேசினார். போட்டோ காட்டினார். வக்கீல், அது எந்த வருடத்துப் போட்டோ என்றார். அந்தப் பாதையில் எங்கள் லாரி போகவே இல்லை, போக எவரிடமும் அனுமதி வாங்கவும் இல்லை, இவர்களிடம் ஒரு தாள் இருந்தால் காட்டச் சொல்லுங்கள் என்றார். கோட்டாட்சியர் மதாரைப் பார்த்தார்.

"எழுதிக் கேட்டிருக்கேன் சார். பதில் வரல."

"வந்ததும் கொண்டு வாங்க. ஆதாரம் இல்லாம நான் எதை வச்சு நிறுத்த?"

அவர் என்னையும் பார்த்து, கல்லறைத் தோட்டம் தரப்பில் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். இல்லை என்றேன்.

திரும்பி வரும்போது கட்டுச்சோறு அப்படியே இருந்தது. உச்சிமாகாளி அதைப் பஸ் ஸ்டாண்டு நாய்களுக்குப் போட்டாள்.

நவம்பர் 13, புதன்

லாரிகள் மறுபடி இறங்குகின்றன. பட்டப்பகலில். எண்ணினேன், பதினான்கு.

நவம்பர் 18, திங்கள்

பதினேழு. மேற்குப் பக்கம் நட்ட மூங்கில் ஆறு டயரில் போய்விட்டது. உச்சிமாகாளியும் நாலு பெண்களும் லாரிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார்கள். டிரைவர் இறங்கி, "எங்ககிட்டத் தாள் இருக்கு, உங்ககிட்ட என்ன இருக்கு" என்று கேட்டானாம். போலீஸ் வந்து பெண்களை எழுப்பிவிட்டது.

உச்சிமாகாளி சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. மரியசெல்வம் மஞ்சள் வைத்துவிட்டாள்.

நவம்பர் 24, ஞாயிறு

கமிட்டிக் கூட்டத்துக்குப் பதினோரு பேர்தான் வந்தார்கள். பள்ளிவாசல் தரப்பில், கிறிஸ்தவ ஆட்கள் யாரோதான் தாளைக் கொடுத்திருக்க வேண்டும், பாதை அவர்கள் நிலத்தில்தானே இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். எங்கள் தரப்பில் ஒருவர் எழுந்து சத்தம் போட்டார். மதார்தான் குறுக்கே வந்தார்.

"தொம்மை அண்ணாச்சி இருக்கும்போது அந்தப் பேச்சு வேண்டாம். அப்படி ஒண்ணு நடந்திருந்தா மொத ஆளா அவியதான் சொல்லியிருப்பாவ."

மினிட் எழுதவில்லை. பேனாவில் மை இல்லை என்றேன்.

நவம்பர் 28, வியாழன்

மழை தொடங்கிவிட்டது. நேற்று ராத்திரியிலிருந்து விடவில்லை. அணையைத் திறக்கப் போகிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள்.

நவம்பர் 29, வெள்ளி

வீடு முழுக்க ஈரம். மரியசெல்வம் கம்பளி எடுக்கப் பீரோவைத் திறந்தாள். பிறகு உறையைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"இது யாரு லெட்டரு?"

"மதாருக்கு வந்தது."

"மதாருக்கு வந்தது நம்ம பீரோவுல எதுக்கு இருக்கு?"

நான் சொன்னேன். எல்லாவற்றையும். சுவர் கட்டித் தந்தவன் யார் என்பதையும், பாதைக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் எழுதிக் கொடுத்ததையும், கல் யார் கொண்டு வந்து வைத்தது என்பதையும். சவுடு மண்தான் எடுப்பேன், ஆற்றில் கை வைக்க மாட்டேன் என்று அவன் சொன்னதைச் சொன்னேன். நீங்கள் அதை நம்பினீர்களா என்று கேட்டாள். ஆறு மாதத்தில் தெரிந்துவிட்டது என்றேன்.

"நாலு வருசமா சனிக்கெழம சனிக்கெழம அவன் கல்லயா நான் தொடச்சிக்கிட்டு இருந்தேன்?"

அவள் அழவில்லை. அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தாள். விடிந்ததும் கொண்டு போய்க் கொடுத்துவிடுகிறேன் என்று அவள் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

நவம்பர் 30, சனி

விடிகாலை நாலரைக்குக் கரை போய்விட்டது.

டிசம்பர் 2, திங்கள்

தண்ணீர் இறங்கிவிட்டது. போய்ப் பார்க்க விட்டார்கள்.

மையவாடியில் பாதி இல்லை. இடுகாட்டில் முக்கால் பங்கு இல்லை. வெட்டிவேர் நட்ட சரிவே இல்லை, வெட்டிய மாதிரி நேராக நிற்கிறது. கீழே மஞ்சள் தண்ணீர். குழி இருந்த இடங்களில் இன்னும் சுழல்கிறது. மேற்கே எங்கள் கல்லறைத் தோட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. சுவரின் அஸ்திவாரம் தாங்கியிருக்கிறது. ஆக்னஸின் கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. மழையில் கழுவிப் பளபளவென்று கிடந்தது.

சைனம்பு உம்மா இல்லை. அவர் புருஷனும் இல்லை. உச்சிமாகாளியின் புருஷன் இல்லை. அவள் உடைந்த விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்து அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருக்கும்போது அவனைப் பேர் சொல்லி அவள் கூப்பிட்டிருக்க மாட்டாள்.

டிசம்பர் 3, செவ்வாய்

மதார் ஆற்றோரமாகக் கீழ்ப்புறம் நடக்கிறார், எங்காவது ஒதுங்கியிருக்குமா என்று. நானும் கூடப் போனேன். ஐந்து மைல். ஒன்றும் இல்லை. உறை சட்டைப்பைக்குள் இருந்தது.

டிசம்பர் 4, புதன்

இன்றும் போனோம். நாணலில் எலும்புகள் மாட்டியிருந்தன. மதார் தோளில் கிடந்த துண்டை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். யாருடையது என்று பார்க்கவில்லை. சொல்ல நினைத்தேன். துண்டு கனமாகிவிட்டது, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

டிசம்பர் 5, வியாழன்

மூன்றாம் நாள். தடுப்பணைக்குக் கிட்டே வந்தபோது பத்து மணி இருக்கும். வெயில் அடித்தது. என்னால் நடக்க முடியவில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி. காலப் பாருங்க, எப்படி வீங்கியிருக்கு. இந்தக் கால வச்சிக்கிட்டு நீங்க எதுக்கு எனக்காக அலையுதியோ?"

உட்காரவில்லை. உறையை எடுத்துக் கொடுத்தேன்.

விலாசத்தைப் படித்தார். திருப்பி முத்திரையைப் பார்த்தார். வெகு நேரம் அதையே பார்த்தார்.

"இருவத்திரெண்டாந் தேதி. உம்மாவுக்கு மூணாம் நாளு."

"ஆமா."

"அன்னைக்கு நீங்க வீட்டுக்கு வந்தியள்லா?"

"வந்தேன்."

"சோறு தின்னியள."

"தின்னேன்."

பிரித்தார். இரண்டு தாள். முதல் தாளில் அனுமதி போன வருடமே முடிந்துவிட்டது என்று இருந்தது. இரண்டாவது தாள் என் கடிதத்தின் நகல். கல்லறைத் தோட்டத்தின் மேற்கு எல்லை வழியாக வாகனங்கள் ஆற்றுக்குச் சென்று வர ஆட்சேபணை இல்லை. என் கையெழுத்து மணி மணியாக இருந்தது.

"இது ஒங்க கையெழுத்துதானா?"

"நான் போட்டதுதான் மதார்."

"உம்மாவ ஓரத்துல வைக்கட்டுமான்னு கேட்டேன்லா."

அவர் தாள்களை மடித்து உறையில் போட்டு, உறையைச் சட்டைப்பையில் வைத்துப் பித்தானைப் பூட்டினார். பிறகு ஆற்றோரமாகக் கீழே நடந்து போனார். நாணலுக்குள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனார். மறையும் வரை நின்றுவிட்டு, நான் மேட்டில் ஏறி ரோட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 7, சனி

கமிட்டியைக் கூட்டச் சொன்னேன். எல்லோரும் வந்தார்கள். எழுந்து நின்று நடந்ததைச் சொன்னேன். எங்கள் தரப்பில் ஒருவர், அண்ணாச்சியை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள் என்றார். உச்சிமாகாளி அவரை உட்காரச் சொன்னாள்.

"அண்ணாச்சி, கையெழுத்தத் தெரியாமப் போட்டியோ, சரி. லெட்டர ஒளிச்சி வச்சது தெரியாமயா?"

"தெரிஞ்சுதான்."

"நான் லாரிக்கு முன்னால உக்காந்தேன. அப்பவும் அது உங்க வீட்டுலதான் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவள் எழுந்து போய்விட்டாள். மினிட் புத்தகத்தை மதாரின் பக்கம் தள்ளி வைத்துவிட்டு வந்தேன். இன்று சனிக்கிழமை. மரியசெல்வம் கல்லறைக்குப் போகவில்லை. வாளி கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்தது.

டிசம்பர் 8, ஞாயிறு

இதுவரை கிடைத்த எலும்புகளை இன்று அடக்கம் செய்தார்கள். எட்டுச் சாக்கு. பிரிக்க வழியில்லை. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வந்தவர், மதவாரியாகப் பிரித்தால் எழுதிக்கொள்ள வசதி என்றார்.

"இதுல எது எங்க வீட்டு ஆளு, எது அவிய வீட்டு ஆளுன்னு நான் எங்க போய்க் கேக்க? ஒண்ணா வந்தாவ, ஒண்ணாவே போட்டும்" என்றாள் உச்சிமாகாளி.

ரோட்டோர மேட்டில், ஆறு எட்டாத இடத்தில், ஒரே பெரிய குழி. எட்டுச் சாக்கையும் வெள்ளைத் துணியில் கட்டி இறக்கினார்கள். ஆலிம்சா ஓதினார். சாமி ஜெபம் சொன்னார். கோயில் பூசாரி தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வந்தார். மூன்று தரப்பும் மாறி மாறி மண் தள்ளினார்கள். நான் ரோட்டின் அந்தப் பக்கம் புளியமரத்தடியில் நின்றேன். யாரும் வரச் சொல்லவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

சைனம்பு உம்மா அந்தக் குழியில் இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது.

டிசம்பர் 12, வியாழன்

மதார் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. திங்கட்கிழமை கோட்டாட்சியரிடம் மறுபடி போகிறோம், வாக்குமூலம் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்றார். அன்று மாலையே எழுதி முடித்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

மரியசெல்வம் வாசித்துப் பார்த்தாள். கல்லைப் பற்றி எழுதவில்லையே என்றாள். எழுதிச் சேர்த்தேன்.

டிசம்பர் 16, திங்கள்

அவர்கள் இருவரும் பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்தார்கள். நான் பின்னால்.

கோட்டாட்சியர் தாள்களையும் என் வாக்குமூலத்தையும் இரண்டு முறை படித்தார். கான்ட்ராக்டரின் வக்கீல் எழுந்து, இந்தக் கிழவர் சுவரும் கல்லும் வாங்கிக்கொண்டவர், தகவல் தாளைப் பதுக்கியவர், இவர் பேச்சை எப்படி நம்புவது, இவர்கள் கமிட்டியே இவரைத் தள்ளி வைத்திருக்கிறது என்றார். அது உண்மையா என்று கோட்டாட்சியர் கேட்டார்.

மதார் எழுந்தார்.

"இல்ல சார். இவரு எங்க கமிட்டி ஆளு. தப்புப் பண்ணியிருக்காரு. ஆனா எழுதியிருக்கது அம்புட்டும் நெசம். நாங்க மூணு தரப்பும் அதுக்குச் சாட்சி."

உச்சிமாகாளியும் எழுந்து நின்றாள். கோட்டாட்சியர் எழுதி முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தாள்.

பாதையை மூடி, வாகனங்களைப் பிடிக்க உத்தரவு. என் மீதும் வழக்கு வரலாம் என்றார். சரி என்றேன்.

வெளியே வந்தோம். ஊருக்குப் போகிற பஸ் நின்றிருந்தது. மதாரின் பக்கத்தில் போய் நின்றேன். அவர் சொன்னதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் பஸ் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார்.

"நாளைக்கு மூங்கில் வருது. கரையில ஆள் பத்தாது. ஆறு மணிக்கு வந்துருங்க."

அவ்வளவுதான். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் இடம் இருந்தது. நான் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்தேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

ஐந்தே முக்காலுக்குப் போய்விட்டேன். மூங்கில் லாரி ஏழு மணிக்குத்தான் வந்தது. உச்சிமாகாளி எல்லோருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தாள். எனக்குக் கிழக்குக் கோடியைக் காட்டினாள், அவள் புருஷன் கிடந்த பக்கம். அங்கே மண் கெட்டி. மத்தியானம் வரை ஒன்பது குழிதான் தோண்ட முடிந்தது.